பதின்மூன்று பேரின் பலம்: சி.எச். முகம்மது கோயாவும் கேரள முஸ்லிம் லீக்கும்

1979 அக்டோபர் 12 அன்று கேரளத்தின் முதலமைச்சராகப் பதவியேற்ற சி.எச். முகம்மது கோயாவின் கட்சி, அதற்கு முந்தைய தேர்தலில் வென்றிருந்த இடங்கள் 13. சட்டசபையின் மொத்த இடங்கள் 140. பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கட்சிக்கு முதல்வர் நாற்காலி கிடைத்தது. பெரிய கட்சிகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க மறுக்கும் வேளையில் சிறிய கட்சி ஒன்றின் தலைவர் பொது மனிதராக அமர்த்தப்படுவது இந்திய அரசியலில் அபூர்வமானதல்ல. ஆனால் இந்தக் கட்சியின் பெயர் முஸ்லிம் லீக். தேசப் பிரிவினை நடந்து முடிந்து 32 ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரிவினையின் பழியைச் சுமந்த ஒரு பெயரைத் தாங்கியபடி, சுதந்திர இந்தியாவில் ஒருவர் மாநில முதல்வராக முடிந்தது எப்படி என்பதே இக்கட்டுரையில் நாம் பின்தொடர விரும்பும் கேள்வி.

நம்மில் பலர் கேரளத்தை அதன் இலக்கியத்தின் வழியாகவே அறிந்தவர்கள். பஷீரின் கதைகளில் வரும் உம்மாக்களையும் மூத்தாப்பாக்களையும் நமக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. தமிழகத்தில் முஸ்லிம் லீக் என்றதும் நம் நினைவுக்கு வருவது காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் ஒருவரே. சென்னை அண்ணா சாலையில் அவர் பெயரில் ஓர் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. சில ஆண்டுகள் நாகப்பட்டினம் மாவட்டமே அவர் பெயரைத் தாங்கியிருந்தது. ஆனால் திருநெல்வேலிக்காரரான அந்த இஸ்மாயில் சாகிப் 1962, 1967, 1971 ஆகிய மூன்று மக்களவைத் தேர்தல்களிலும் வென்றது தமிழ்நாட்டுத் தொகுதி எதிலுமல்ல, மலபாரின் மஞ்சேரியில். இந்த ஒரு செய்தியிலேயே நம் கேள்விக்கான விடையில் பாதி அடங்கியிருக்கிறது.

*

பிரிவினைக்குப் பிறகு பழைய அகில இந்திய முஸ்லிம் லீக்கை என்ன செய்வது என்று முடிவெடுக்க 1947 டிசம்பரில் கராச்சியில் கூடினார்கள். பாகிஸ்தானுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என அது இரண்டாகப் பிரிந்தது. அதே மாதம் லக்னோவில் மௌலானா ஆசாத் கூட்டிய மாநாட்டில், இனி முஸ்லிம்களுக்கெனத் தனி அரசியல் கட்சி வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. வடக்கே பலர் அதை ஏற்றுக்கொண்டனர். கலவரங்களின் நெருப்பு அணையாத இடங்களில் வேறு வழியும் இருக்கவில்லை. தெற்கே நிலைமை வேறு. சென்னை மாகாண சட்டசபையில் 1946 முதல் முஸ்லிம் லீக்தான் எதிர்க்கட்சி. இஸ்மாயில் சாகிப் அதன் தலைவர். 1948 மார்ச் 10 அன்று சென்னையில், இன்று ராஜாஜி மண்டபம் என நாம் அழைக்கும் கட்டடத்தில், இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது.

கலைத்துவிடச் சொன்னவர்களின் வாதம் எளிமையானது. தனிக்கட்சி வைத்தால் பெரும்பான்மையின் சந்தேகம் வளரும். தேசியக் கட்சிகளுக்குள் கரைந்துவிட்டால் பாதுகாப்பு கிடைக்கும். இஸ்மாயில் சாகிபின் பதிலும் எளிமையானதுதான்: பேச்சுவார்த்தை மேசையில் அமர வேண்டுமானால் அமர்வதற்கு ஓர் அமைப்பு வேண்டும். இந்த இரண்டில் எது சரி என்பதை வாதத்தால் தீர்க்க முடியாது. வரலாறு எப்படித் தீர்த்தது என்றால், இரண்டு விதமாகவும் தீர்த்தது. கோழிக்கோட்டில் ஒரு விதமாக, சென்னையில் வேறு விதமாக.

காரணம் புவியியல். தமிழகத்தின் முஸ்லிம்கள் வாணியம்பாடி, கீழக்கரை, காயல்பட்டினம், மேலப்பாளையம் என்று ஊர் ஊராகச் சிதறியவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் மாநில மக்கள்தொகையில் 6 சதவீதத்துக்கும் குறைவு. கேரளத்தில் அதே கணக்கெடுப்பில் 26 சதவீதத்துக்கும் சற்று அதிகம். அதைவிட முக்கியமாக, அவர்களில் பெரும் பகுதியினர் தென் மலபாரில் நெருக்கமாக வாழ்கிறார்கள். இன்றைய மலப்புரம் மாவட்டத்தில் பத்துக்கு ஏழு பேர் முஸ்லிம்கள். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்னும் நம் தேர்தல் முறையில், சிதறிய 6 சதவீதம் ஒரு வாக்கு வங்கி மட்டுமே. குவிந்திருக்கும் கூட்டமோ ஒரு கட்சியாகலாம். 1952-இலும் 1957-இலும் பி. போக்கர் சாகிப் மலபாரிலிருந்து மக்களவைக்குச் சென்றது இதனால்தான்.

ஆயினும் குவிந்திருத்தல் மட்டும் போதாது. 1952-இல் 375 இடங்கள் கொண்ட சென்னை சட்டசபைக்கு மலபாரிலிருந்து லீக் சார்பில் 5 பேர் வந்தார்கள். காங்கிரஸுக்குப் பெரும்பான்மை இல்லாமல் ராஜாஜி ஆட்சியமைக்க ஆள் திரட்டியபோது அந்த ஐவரும் அவரை ஆதரித்தார்கள். அவ்வளவுதான்; அந்தப் பெரிய சபையில் ஐந்து பேரின் குரலுக்கு வேறென்ன விலை இருந்திருக்க முடியும்? 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிறந்து, மலபார் திருவிதாங்கூர்-கொச்சியுடன் சேர்ந்தது. 375 இடங்கள் இருந்த கடலிலிருந்து 126 இடங்கள் கொண்ட குளத்துக்கு அதே மீன்கள் வந்து சேர்ந்தன. 1957-இல் அவர்கள் 8 பேர். அந்த எட்டு பேரில் ஒருவர், தானூர் தொகுதியில் வென்ற 29 வயது இளைஞர் சி.எச். முகம்மது கோயா. மொழிவழி மாநிலப் பிரிவினை தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் என்ன தந்தது என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அது சென்னை மாகாணத்தின் முஸ்லிம் லீக்கை இரண்டாக வகிர்ந்து, தலைமை ஒரு பக்கமும் தொகுதிகள் மறுபக்கமுமாக விட்டுச் சென்றதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

*

சி.எச். 1927 ஜூலை 15 அன்று கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள அத்தோளியில் பிறந்தவர். செல்வாக்கான குடும்பம் இல்லை. தங்ஙள் மரபின் புனிதமும் இல்லை. 1921 மாப்பிளக் கிளர்ச்சியின் நிழலில் வளர்ந்த தலைமுறை அது. அடைக்கப்பட்ட சரக்கு வண்டியில் திரூரிலிருந்து கொண்டு செல்லப்பட்ட கைதிகள் மூச்சுத் திணறி மாண்டு, நம் போத்தனூர் நிலையத்தில் கதவு திறந்தபோது பிணங்களாகக் கிடந்ததை அந்த வட்டாரம் மறக்கவேயில்லை. ஆங்கிலேயர் மீதிருந்த வெறுப்பு ஆங்கிலக் கல்வி மீதும் படிந்திருந்தது. அரபு எழுத்தில் மலையாளத்தை எழுதிப் படிக்கும் அரபி மலையாளம் வீடுகளில் செழித்தது. பள்ளிக்கூடத்து மலையாளத்தைப் பழமைவாதிகள் சந்தேகத்துடன் பார்த்தார்கள். பிள்ளைகள் மதரசாவோடு நின்றார்கள், பெண் பிள்ளைகள் அதற்கும் முன்பே.

இந்தப் பின்னணியில் கோழிக்கோடு சாமூதிரி கல்லூரியில் படித்து, மாணவர் அமைப்பில் பேசத் தொடங்கி, 'சந்திரிகா' நாளிதழில் சேர்ந்தார் சி.எச். 1934-இல் தலச்சேரியில் தொடங்கிய பத்திரிகை அது. பின்பு கோழிக்கோட்டுக்கு வந்தது. பின்னாளில் அதன் ஆசிரியரும் ஆனார். ஹஜ் பயணம் பற்றியும் வெளிநாட்டுப் பயணங்கள் பற்றியும் நூல்கள் எழுதியவர். அவர் எழுதியதும் பேசியதும் நல்ல மலையாளம். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். உருதுவைத் தம் மொழியாகக் கருதிய வடநாட்டு லீக்கையும் இதையும் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது என்பது நம் எண்ணம். மேடையில் ஒரு மாப்பிள இளைஞன் சிலேடையும் கிண்டலுமாக மலையாளத்தில் பொழிவதைக் கேட்க மற்றவர்களும் வந்து நின்றார்கள். அவனை அந்நியன் என்று சொல்லுவது அவர்களுக்குக் கடினமாக இருந்தது.

அவருக்கு வழிகாட்டிகள் இருவர். ஒருவர் வழக்கறிஞர் கே.எம். சீதி சாகிப், கல்வியே இந்தச் சமூகத்தின் முதல் தேவை என்று இடைவிடாது சொல்லி வந்தவர். மற்றவர் அப்துர் ரஹ்மான் பாபக்கி தங்ஙள். வணிகர், நபி வழிக் குடும்பத்தவர், கட்சியின் கேரளத் தலைவர். படித்தவர்களின் சீர்திருத்தமும், பாமரர்களின் பக்தியும், வியாபாரிகளின் பணமும் ஒரே கூரையின் கீழ் நிற்க இந்தக் கூட்டு உதவியது. பிற்காலத்தில் தலைமை பாணக்காட்டுத் தங்ஙள்மாரிடம் சென்றபோதும் ஏற்பாடு அதேதான்: ஆன்மிக மரியாதை ஒருவரிடம், அரசியல் பேரம் இன்னொருவரிடம். (நவீனக் கட்சிகளின் இலக்கணப்படி இது விநோதமான அமைப்பு. இதைவிட நவீனமான கட்சிகள் பல மறைந்துபோனதையும் நாம் பார்த்துவிட்டோம்.)

*

1959-இல் இ.எம்.எஸ். தலைமையிலான முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையை எதிர்த்து நடந்த 'விமோசன சமரம்' எல்லோரும் அறிந்ததே. கிறிஸ்தவ சபைகளும் நாயர் சங்கமும் முன்னின்ற அந்தக் கிளர்ச்சியில் லீக்கும் சேர்ந்தது. அரசு கலைக்கப்பட்டு, 1960-இல் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், லீக் மூன்றும் கூட்டாக நின்றன. காங்கிரஸுக்கு 63, பிரஜா சோஷலிஸ்டுக்கு 20, லீக்குக்கு 11. வெற்றிக்குப் பிறகுதான் அவமானம் ஆரம்பித்தது. லீக்கின் வாக்குகளை வாங்கிக்கொண்ட காங்கிரஸ், அமைச்சரவையில் லீக்குக்கு இடமில்லை என்றது. வகுப்புவாதக் கட்சியோடு ஒரே அமைச்சரவையில் அமர்வதாவது! ஈடாக சபாநாயகர் பதவி தரப்பட்டது. சீதி சாகிப் சபாநாயகரானார். 1961 ஏப்ரலில் அவர் காலமானதும் அந்த இடத்துக்கு சி.எச். முன்மொழியப்பட்டார். காங்கிரஸ் ஒரு நிபந்தனை வைத்தது: கட்சி உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு வர வேண்டும். அவர் விட்டுவிட்டு வந்தார். அப்போது அவருக்கு வயது 33.

நேரு லீக்கைச் செத்த குதிரை என்று சொன்னதும், அது செத்த குதிரையல்ல, உறங்கும் சிங்கம் என்று சி.எச். பதிலடி கொடுத்ததும் கேரள மேடைகளில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சுவைக்கப்படும் கதை. நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கட்சிச் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்த அந்தச் சில மாதங்கள்தான். அதே ஆண்டு நவம்பரில் லீக் கூட்டணியை முறித்தது, சி.எச். பதவி விலகினார். மறு ஆண்டு கோழிக்கோட்டில் காங்கிரஸ், கம்யூனிஸ்ட் இருவரையும் எதிர்த்து நின்று, மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்று மக்களவைக்குச் சென்றார்.

1965 தேர்தலில் 133 இடங்கள் கொண்ட சபையில் லீக் பெற்றது 6. எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் அந்தச் சபை கூடவேயில்லை. 1967-இல் மார்க்சிஸ்டுகளும் லீக்கும் உள்ளிட்ட ஏழு கட்சிகளின் முன்னணி பிறந்தது. லீக்குக்கு 14 இடங்கள். காங்கிரஸ் 9-ஆகச் சுருங்கியது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு எந்த இ.எம்.எஸ். அரசை வீழ்த்தத் தெருவில் இறங்கினார்களோ அதே இ.எம்.எஸ்.ஸின் அமைச்சரவையில் சி.எச். கல்வி அமைச்சர், அகமது குரிக்கள் பஞ்சாயத்து அமைச்சர். பிரிவினைக்குப் பின் முஸ்லிம் லீக் ஒரு மாநில அமைச்சரவையில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. கதவைத் திறந்துவிட்டவர்கள் மதமற்ற கம்யூனிஸ்டுகள் என்பது வரலாற்றின் குறும்பு. கொள்கையற்ற கூட்டு என்று இரு தரப்பையும் ஏசியவர்கள் உண்டு. அந்த ஏச்சில் உண்மையும் உண்டு. ஆனால் 1960-இல் கொள்கை பேசி அமைச்சரவைக் கதவைச் சாத்திய காங்கிரஸ், 1970-களில் அதே லீக்கைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டதை நினைத்தால், அங்கே கொள்கை என்பது பெரும்பாலும் எண்ணிக்கையின் மறுபெயராக இருந்தது தெரிகிறது.

அதே 1967-இல் சென்னையிலும் ஒரு கூட்டணி இருந்தது. தி.மு.க.வுடன் லீக் சேர்ந்தது. 3 பேர் வென்றார்கள். ஆனால் தி.மு.க. தனித்தே அறுதிப் பெரும்பான்மை பெற்றுவிட்டது. அண்ணாவுக்கு இஸ்மாயில் சாகிப் மீதிருந்த மரியாதை உண்மையானது. தேவை இருந்ததா என்றால், இல்லை. கோழிக்கோட்டில் 14 பேர் ஒரு முன்னணியின் ஆயுளைத் தீர்மானிக்கக்கூடியவர்கள். சென்னையில் 3 பேர் மரியாதைக்குரிய விருந்தினர்கள். அதற்குப் பின்வந்த பத்தாண்டுகளில் தமிழக லீக் பிளவுகளாலும் தேய்ந்தது. 2004-இல் வேலூரில் வென்ற காதர் மொகிதீன் உதயசூரியன் சின்னத்திலேயே நின்றார். 2019-இல் இராமநாதபுரத்தில் நவாஸ் கனி ஏணிச் சின்னத்தில் வென்றபோது தமிழக வாசகர்கள் பலருக்கு அந்தச் சின்னமே புதிதாக இருந்திருக்கும். கேரளத்தில் அந்த ஏணி ஒரு நாளும் வாடகைக்குப் போனதில்லை.

*

அமைச்சரவையில் சேர்ந்தபோது சி.எச். கல்வித் துறையில் அமர்ந்தார் என்பதில் அவருடைய அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கேரளத்தின் பள்ளிக் கல்வி ஒரு விசேஷமான அமைப்பு. பள்ளியை நடத்துவது சபையோ சங்கமோ தனி மனிதரோ. ஆசிரியரை நியமிப்பதும் அவர்களே. சம்பளம் மட்டும் அரசு கஜானாவிலிருந்து. எந்தச் சமூகத்திடம் பள்ளிகள் இருக்கின்றனவோ அந்தச் சமூகத்துக்குக் கல்வியும் கிடைக்கிறது, அரசுச் சம்பளத்தில் வேலையும் கிடைக்கிறது. கிறிஸ்தவர்களும் நாயர்களும் ஈழவர்களும் இதில் வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். மலபாரின் முஸ்லிம்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். வருவாய்த் துறையிலோ தொழில் துறையிலோ கிடைக்காத ஒன்று கல்வித் துறையில் இருந்தது: எங்கே பள்ளி திறப்பது என்று முடிவு செய்யும் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை அவர் தயங்காமல் பயன்படுத்தினார். மலபாரில் பள்ளிகள் திறந்தன. முஸ்லிம் மாணவிகளுக்கு உதவித்தொகை வந்தது. அரபி ஆசிரியர் பணியிடங்கள் பெருகின. இந்தக் கடைசி விஷயம் அன்று பலரை எரிச்சலூட்டியது. அரசுப் பள்ளியில் அரபி எதற்கு என்று கேட்டார்கள். ஆனால் பள்ளிக்கூட வாசலில் அரபி சொல்லித்தரும் ஓர் உஸ்தாத் நின்றால்தான் தம் பெண்ணை உள்ளே அனுப்பத் துணியும் தகப்பன்மார் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அரபி ஒரு தூண்டில். அதில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் கணக்கும் மலையாளமும் ஆங்கிலமும் படித்தார்கள். 1968-இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பிறந்தது. பெயரில்தான் கோழிக்கோடு; வளாகம் தேஞ்ஞிப்பலத்தில், பின்பு மலப்புரம் மாவட்டமான பகுதியில். அதன் மைய நூலகம் இன்று சி.எச்.சின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1969 ஜூன் 16 அன்று கோழிக்கோடு, பாலக்காடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து மலப்புரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. குட்டிப் பாகிஸ்தான் உருவாகிறது என்று கூக்குரல் எழுந்தது. ஜனசங்கம் எதிர்த்ததில் வியப்பில்லை. குருவாயூர் சத்தியாக்கிரகத்தின் நாயகரான கே. கேளப்பனும் எதிர்த்தார் என்பது நம்மைச் சற்று நிறுத்திவைக்கிறது. கோயில் கதவைத் தாழ்த்தப்பட்டோருக்காகத் திறக்கப் பட்டினி கிடந்த மனிதருக்கும் ஒரு மாவட்ட எல்லைக்கோடு அச்சமூட்டியிருக்கிறது. கேரளத்தின் மிகப் பின்தங்கிய வட்டாரங்களில் ஒன்றுக்கு ஓர் ஆட்சியர் அலுவலகம் வந்தது என்பதுதான் நடைமுறையில் நிகழ்ந்தது. பிரிவினைக் கோரிக்கை எதுவும் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அங்கிருந்து எழவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பள்ளி அனுமதிகள் எல்லாம் ஏழை மாப்பிளக் குடியானவனுக்குப் போய்ச் சேரவில்லை. பள்ளி நடத்த வசதி உள்ளவர்களே மேலாளர்கள் ஆனார்கள். நியமனத்துக்குப் பணம் வாங்கும் பழக்கம் கேரளத்தின் எல்லாச் சமூகத்து நிர்வாகங்களையும் போல இங்கும் புகுந்தது. கல்வித் துறை, காங்கிரஸ் கூட்டணி ஆட்சிகளில் ஏறக்குறைய லீக்கின் குடும்பச் சொத்தாகவே பின்னாளில் ஆனது. இ.டி. முகம்மது பஷீர், நாலகத்து சூப்பி, பி.கே. அப்து ரப் என்று பட்டியல் நீளும். சமூகத்தின் முன்னேற்றம் எங்கே முடிகிறது, கட்சிக்காரர்களின் முன்னேற்றம் எங்கே தொடங்குகிறது என்ற கோடு சி.எச். காலத்திலேயே மங்கத் தொடங்கிவிட்டது.

1969 அக்டோபரில் இ.எம்.எஸ். அரசு கவிழ்ந்தது, கவிழ்த்தவர்களில் லீக்கும் உண்டு. நவம்பரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சுத மேனன் முதல்வரானபோது சி.எச். கல்வியுடன் உள்துறையையும் பெற்றார். ஒரு முஸ்லிம் லீக்காரரின் கீழ் போலீஸ்! பத்தாண்டுகளுக்கு முன்பு நினைத்தும் பார்க்க முடியாதது. ஆனால் உள்துறை அதற்கேயுரிய அழுக்கையும் கொண்டு வரும். 1970 பிப்ரவரியில் வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்ஸலைட் தலைவர் வர்கீஸ் போலீஸாரால் கொல்லப்பட்டார். மோதலில் இறந்ததாக அரசு சொன்னது. பிடிபட்டவரை மேலதிகாரியின் கட்டளைப்படி தாமே சுட்டதாக ஒரு காவலர் 1998-இல் ஒப்புக்கொண்டார். 2010-இல் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் தண்டிக்கப்பட்டார். அமைச்சருக்கு எவ்வளவு தெரியும் என்பதற்குள் நாம் போகவில்லை. ஆதிவாசிகளுக்காகப் போராடிய ஒருவன் கொல்லப்பட்ட வேளையில், அதிகாரமற்றவர்களின் பிரதிநிதியாகப் புறப்பட்ட கட்சி அதிகாரத்தின் பக்கம் நின்றிருந்தது.

*

1973-இல் பாபக்கி தங்ஙள் மறைந்த பின்பு கட்சி பிளந்தது. பிரிந்தவர்கள் அகில இந்திய முஸ்லிம் லீக் என்ற பெயரில் மார்க்சிஸ்டுகளுடன் சேர்ந்தனர். இரு கிளைகளும் மீண்டும் ஒன்றாக 1985 ஆயிற்று. பிளவுக்குப் பின்னரும் 1977-இல் சி.எச். பக்கம் 13 இடங்கள் நின்றன. பிரிந்தவர்களுக்கு 3.

முதல்வர் பதவி வந்த விதம் அத்தனை கம்பீரமானதல்ல. 1979-இல் முதல்வராக இருந்த பி.கே. வாசுதேவன் நாயரின் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, மார்க்சிஸ்டுகளுடன் சேரத் தீர்மானித்துவிட்டது. நில உச்சவரம்புக்குத் தப்பும் வகையில் உறவினருக்கு எழுதித்தரப்பட்ட தானங்களைச் செல்லுபடியாக்கும் 'இஷ்டதான' மசோதா பற்றிய சண்டையும் சேர, அவர் அக்டோபரில் பதவி விலகினார். எஞ்சியவர்களில் எவரும் மற்றவரை ஏற்கத் தயாராக இல்லை. எல்லோருக்கும் சம்மதமானவராக, அதாவது எல்லோருக்கும் குறைந்த ஆபத்தானவராக, சி.எச். தெரிந்தார். அந்த மசோதா அவர் ஆட்சியில் நிறைவேறியது. பயனடைந்தவர்கள் நிலமற்ற மாப்பிளமார் அல்லர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. டிசம்பர் 1 அன்று அவர் பதவி விலகினார். ஏறக்குறைய 50 நாட்கள்.

ஆயினும் அந்த 50 நாட்களை வெறும் விபத்தென்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. கேரளத்தில் கோட்டயம் கிறிஸ்தவர்களுக்குக் கேரள காங்கிரஸ் இருந்தது. நாயர் சங்கம் 1973-இல் தனக்கென ஒரு கட்சி தொடங்கியது. சமூகத்துக்கொரு கட்சி என்பது அங்கே பொது வழக்கு. லீக் மட்டுமே பெயர்ப்பலகையில் அதை எழுதி வைத்திருந்தது. ஒரு முஸ்லிம் லீக்காரர் முதல்வரானதால் கேரளத்தில் எங்கும் தீ மூளவில்லை. இதை 2012-உடன் ஒப்பிடலாம். அப்போது லீக்குக்கு 20 உறுப்பினர்கள் இருந்தார்கள்; ஐந்தாவது அமைச்சர் ஒருவரைக் கேட்டுப் பெற்றதற்கே நாயர், ஈழவ சங்கங்கள் சமநிலை குலைந்துவிட்டதென்று கொதித்தன. 13 பேருடன் முதல்வராவது எளிதாகவும், 20 பேருடன் ஓர் அமைச்சரைக் கூடுதலாகப் பெறுவது கடினமாகவும் இருந்திருக்கிறது. சி.எச். கட்டியெழுப்பிய செல்வாக்கு அவருடைய தனிமனித இயல்பில் எவ்வளவு தங்கியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆட்சி போன பிறகு என்ன நேரும் என்பதும் விரைவில் தெரிந்தது. 1980-இல் நாயனார் அரசு அரபி உள்ளிட்ட மொழி ஆசிரியர்கள் தொடர்பாகப் பிறப்பித்த உத்தரவுகளை எதிர்த்து லீக் இளைஞர்கள் கிளர்ந்தார்கள். ஜூலை 30 அன்று மலப்புரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தனர். மேசையில் பேசி வாங்கியதைத் தெருவில் இறங்கிக் காப்பாற்ற வேண்டிவந்தது.

பேசப்படாத கணக்கு இன்னொன்று உண்டு. சி.எச். திறந்த பள்ளிகளில் படித்த பெண்கள் ஆசிரியைகளாகவும் மருத்துவர்களாகவும் ஆனார்கள். அவர் கட்சியின் சட்டசபை வேட்பாளர்களாக ஆகவில்லை. லீக் ஒரு பெண்ணை முதன்முதலில் சட்டசபைக்கு நிறுத்தியது 1996-இல், கமருன்னிசா அன்வர். தோற்றார். அடுத்த பெண்ணுக்கு 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-இல் நூர்பினா ரஷீத், அவரும் தோற்றார். பெரும்பான்மையிடம் பங்கு கேட்டு வாதாடிய கட்சி, தன் வீட்டுக்குள் அதே வாதம் எழுந்தபோது 1960-இன் காங்கிரஸைப் போலவே நடந்துகொண்டது.

சி.எச். முதல்வராயிருந்ததைப் பெரிதாகக் கருதாமல், 1981 டிசம்பரில் கருணாகரன் அமைச்சரவையில் துணை முதல்வரானார். 1982 தேர்தலுக்குப் பிறகும் அதே பதவி. 1983 செப்டம்பர் 28 அன்று ஹைதராபாத் சென்றிருந்த இடத்தில் இறந்தார், வயது 56. அடுத்த மாதமே லீக்கின் அவுக்காதர் குட்டி நஹா துணை முதல்வராகப் பதவியேற்றார்.